செத்த வாழைய யாரும் படம் புடிக்கல

நீங்க ஆசையா வளத்த செடி செத்துப்போச்சுன்னா, அதப் படம் புடிச்சு குரூப்புல போடுவீங்களா? பொய் சொல்லாதீங்க, மாட்டீங்க. போன மாசம் அது நல்லா இருந்தப்ப எடுத்த படத்தத் தேடிப் புடிச்சு, பச்சையக் கொஞ்சம் கூட்டி, கீழ ஒரு சூரியகாந்திப் பூ ஒட்டி அனுப்புவீங்க. எனக்கு நல்லாத் தெரியும். அந்த மாதிரிப் படத்த எல்லாம் வாங்கி அடுக்கி வைக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க.

டிகிரி முடிச்சிட்டு வீட்டுல உக்காந்து, அம்மா பாத்திரத்தப் போட்டு ஒடைக்கிற சத்தத்துக்கு நடுவுல ரெஸ்யூமே அனுப்பிட்டு இருந்தேன். படிச்சது மாஸ் காம். நியூஸ் வாசிக்கலாம்னு கனவு. கெடச்சது என்னன்னா, கிள்ளான் பள்ளத்தாக்குல அங்கங்க தோட்டம் போடுறவங்க, வீட்டுக்குப் பின்னாடி மரம் வளக்குறவங்க எல்லாரயும் ஒண்ணாச் சேத்து, ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர் கத்துக்க வைக்கிற ஒரு நெட்வொர்க்குல கோஆர்டினேட்டர் வேல. மருந்தடிக்காத வெவசாயம், மண்ணக் கெடுக்காத காடு, இந்த மாதிரி. எனக்கு மண்ணப் பத்தி என்ன தெரியும்? வெள்ளச் சப்பாத்துல பட்டா போகாதுன்னு தெரியும். இன்டர்வியூல அதையேதான் சொன்னேன். எங்க பாஸ் கண்ண மூடி, மூச்ச இழுத்து விட்டு, "பியூட்டிஃபுல்"னாரு. வேல கெடச்சிருச்சு.

பாஸப் பத்திச் சொல்லியே ஆகணும். பேரு போட மாட்டேன், இன்னும் கடைசி மாசச் சம்பளம் வரல. எங்கயோ வெளிநாட்டுல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டு வந்து இத ஆரம்பிச்சாரு. லினன் சட்ட, கொண்ட, கையில மரமணி. ஆபீசு பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பூக்கடைக்கு மேல. படியேறும்போது மல்லிகப்பூ வாசம் வரும், கதவத் தொறந்தா பாஸ் கொளுத்தி வச்ச ஏதோ ஒரு எலையோட பொக வரும். அவரு வாயில 'பிரச்சன'ங்கற வார்த்தையே வராது. எல்லாமே அவருக்கு 'அழைப்பு'. ஏசி ஓடலயா, அழைப்பு. வாடகை கட்டலன்னு சொல்லி பில்டிங்காரரு வந்து கதவத் தட்டுனாரா, அதுவும் அழைப்பு.

நெட்வொர்க்குக்கு ரெண்டு ரூல். மொத ரூல், எக்ஸ்பர்ட்டுன்னு யாரும் உள்ள வரக்கூடாது. ஆபீசர், ஆராய்ச்சிக்காரர், யுனிவர்சிட்டி ஆளு, யாரும் வேணாம். அறிவு மேல இருந்து கீழ கொட்டக்கூடாதாம், பக்கத்துல இருந்து பக்கத்துக்குப் போகணுமாம். ரெண்டாவது ரூல், மீட்டிங்குல வட்டமா உக்காரணும், கையில பாகற்காய் இருக்கிறவங்கதான் பேசணும். ஆமா, பாகற்காய்தான். ஒரு சின்னப் பாகற்காய ஆளாளுக்குக் கை மாத்திக்கிட்டே பேசுவோம். மீட்டிங் முடியிறதுக்குள்ள அது சூடாகி வதங்கிப்போயிரும். ஏன் பாகற்காய்னு ஒருத்தர் கேட்டாரு. பாகற்காய் அவரு கையில இல்லாததால அந்தக் கேள்விக்குப் பதில் வரல.

மெம்பருங்க கொஞ்சப் பேரு இருந்தாங்க, ஆனா இந்தக் கதைக்கு மூணு பேரு போதும்.

சுபாங் ஜெயா அங்கிள், ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர். கார்னர் வீடு, வேலிக்கு வெளிய முனிசிபல் எடத்துலயும் கொஞ்சம் அவரே பெருந்தன்மையா எடுத்துக்கிட்டாரு. நீல டிரம்முல உரம் போடுவாரு. மண்ணப் பத்திப் பேசுனா எஃப்.டி. அக்கவுன்ட்டப் பத்திப் பேசுற மாதிரியே இருக்கும். "போட்டு வை கேர்ள், அதுபாட்டுக்கு வளரும், நடுவுல கைய வச்சுறாத" அப்டிம்பாரு.

செராஸ் அண்ணே, ஐடி வேல. டெரஸ் வீட்டுக்குப் பின்னால இருக்கிற சரிவுல வாழ, பெத்தாய் மரம், முருங்க, கீழ மஞ்சள், அதுக்கும் கீழ ஏதோ கீரன்னு அடுக்கடுக்கா நட்டு, அதுக்கு 'உணவுக் காடு'ன்னு பேரு வச்சிருந்தாரு. நீங்க ஒரு தும்மு தும்மி முடிக்கிறதுக்குள்ள அந்தக் காட்டத் தாண்டிரலாம். ஆனா டிரோன் வச்சு வீடியோ எடுப்பாரு. மேல இருந்து பாத்தா அமேசான் மாதிரி இருக்கும் லா, சத்தியமா.

மூணாவது, கிள்ளான் அக்கா. எங்க நெட்வொர்க்குலயே தோட்டத்த நம்பி அடுப்பு எரியிற ஒரே ஆளு அவங்கதான். கிள்ளான்ல ஹைடென்ஷன் கம்பிக்குக் கீழ, லோங்காங் சாக்கட ஓரமா வாழத்தோப்பு. பழத்துக்கு இல்ல, எலைக்கு. தெனமும் காலையில அறுத்து, தொடச்சு, கட்டி, வேன்ல ஏத்தி, ஃபெடரல் ஹைவே ஜாமுல ஊந்து வந்து, பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மத்தியானத்துக்கு முன்னாடி எறக்கிரணும். வீட்டுக்காரரு லோரி ஓட்டுறாரு, பாதி நாளு ஜொகூர்லயும் பினாங்குலயும் இருப்பாரு. கடக்காரரு நல்லவருதான், ஆனா எலை ஒரு நாளு வரலன்னா மறுநாளு வேற ஆளப் பாத்துருவாரு. அதுல பாவ புண்ணியம் இல்ல, கஸ்டமர் சோத்த மேசையிலயா கொட்டிச் சாப்புடுவாங்க?

அக்கா எதுக்கு இந்தக் கூட்டத்துல வந்து சேந்தாங்கன்னு நானே கேட்டேன். உரம் வெல ஏறிப்போச்சு தங்கச்சி, சும்மா ஏதாச்சும் சொல்லிக்குடுத்தா நல்லதுதானேன்னாங்க. இவ்ளோ பச்சையான காரணத்த எங்க மெம்பர்ஷிப் ஃபார்ம்ல நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல. மத்தவங்க எல்லாம் 'பூமித்தாயோட தொடர்பு'ன்னு எழுதியிருந்தாங்க.

ஆரம்பத்துல ஒரு கன்னு மாத்திக்கிற நாளு வச்சோம். பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஹாலு. ஆளாளுக்கு வீட்டுல இருந்து செடி கொண்டு வந்து மாத்திக்கணும். செராஸ் அண்ணே பெராங்கான் வாழக்கன்னு ஒரு வண்டி கொண்டு வந்தாரு. ஒவ்வொண்ணுக்கும் சணல்ல ரிப்பன் கட்டி, 'காட்டின் பிள்ளைகள்'னு அட்ட தொங்கவிட்டிருந்தாரு. அக்கா அதுல கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போயி தோப்புல முன்வரிசையில காலியா இருந்த எடத்துல எல்லாம் நட்டாங்க. பாஸ் அத ஸ்லோ மோஷன்ல எடுத்தாரு. மண்ணு விழுறது, அக்கா வளையல் ஆடுறது, எல்லாம். லைக்கு அள்ளுச்சு.

அதுக்கப்புறம் சில மாசம் குரூப்பு சொர்க்கம். காலையில எந்திரிச்சு ஃபோனப் பாத்தா கத்திரிக்கா, வெண்டக்கா, அங்கிளோட பப்பாளி, அண்ணேவோட டிரோன் காடு. கீழ "சூப்பர் லா", "வாவ் அங்கிள்", கையெடுத்துக் கும்புடுற படம். ஒருத்தருக்குக்கூட புழு வரல. ஒருத்தரோட தக்காளிகூட வெடிக்கல. மலேசியாவுல இவ்ளோ மழ பெய்யிது, எங்க மெம்பருங்க வீட்டு மேல மட்டும் அளவாப் பெஞ்சுச்சு.

அப்ப ஒருநாளு அக்கா ஒரு வாய்ஸ் நோட்டு அனுப்புனாங்க. பின்னாடி மின்கம்பி 'ம்ம்ம்'ன்னு ரீங்காரம் போடுற சத்தம் கேக்குது.

"எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில வாழ எல ஓரத்துலேர்ந்து மஞ்சளாவுது. அப்புறம் மடிஞ்சு பாவாட மாதிரி தண்டச் சுத்தித் தொங்குது. ரெண்டாவது வரிசைக்கும் வருது. யாருக்காச்சும் இப்டி ஆயிருக்கா? என்னா பண்ணுனீங்க?"

குரூப்பு செத்த வீடு மாதிரி ஆயிருச்சு. நீல டிக்கு மட்டும் ஒண்ணொண்ணா விழுது. ரொம்ப நேரம் கழிச்சு சுபாங் அங்கிள் ஒரு பப்பாளிப் படம் போட்டாரு. செராஸ் அண்ணே "பாசிட்டிவா இருங்க அக்கா"ன்னு போட்டு ஒரு எல எமோஜி வச்சாரு. எல எமோஜி, அதுவும் பச்ச.

பாஸ் எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுனாரு. குரூப்போட எனர்ஜி எறங்குது, இத ஒரு அழைப்பா மாத்துவோம், எல்லாரயும் கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போயி கத்துக்கிற விசிட் ஒண்ணு வைன்னாரு. வச்சேன்.

ஞாயித்துக்கெழம. காரு காரா வந்து எறங்குறாங்க. எல்லாரும் அவங்கவங்க தோட்டத்துல போடுற பூட்ஸோடயே வந்தாங்க, அவங்கவங்க தோட்டத்து மண்ணு ஒட்டுன பூட்ஸு. அதுதான் ஒரிஜினலா இருக்கும்னு படத்துக்காக. அக்கா நண்டு ரசம், மீன் கறி, அப்பளம்னு பெரிய சமையலே பண்ணி வச்சிருந்தாங்க. சொந்தத் தோப்புல கடசியா நல்லா இருந்த பெரிய எலைய எல்லாம் எங்களுக்கு அறுத்துப் போட்டாங்க. நாங்களும் நோயக் கண்டுபுடிக்க வந்த கூட்டம் மாதிரியா சாப்புட்டோம், கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி சாப்புட்டோம்.

அப்புறம் வட்டம். பாகற்காய் மொதல்ல அக்கா கையில.

அக்கா சுத்தி வளைக்கல. இது என்னா நோயி, மிச்சம் இருக்கிற மரத்த நான் எப்டிக் காப்பாத்துறது, அவ்ளோதான் கேட்டாங்க. எலை சின்னதா வருது, கிழியுது, கடையில மொனக ஆரம்பிச்சிட்டாங்க, பின்வரிசையும் போச்சுன்னா நான் வேன வித்துட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்னாங்க.

பாஸ் கண்ண மூடுனாரு. "இந்தக் கேள்விக்குள்ள நம்ம எல்லாரும் கொஞ்ச நேரம் உக்காருவோம்."

உக்காந்தோம். கொசு கடிச்சுச்சு. மேல கம்பி ரீங்காரம் போட்டுச்சு. அக்கா ஒவ்வொரு மூஞ்சியாப் பாக்குறாங்க, யாராச்சும் வாயத் தொறப்பாங்களான்னு.

தொறந்தாங்க. தொறந்தா மூடல. அங்கிள் உரத்தண்ணி ஊத்தச் சொன்னாரு. ஒரு ஆன்டி மஞ்சள கரைச்சு ஊத்தணும்னாங்க. இன்னொருத்தர் மோரு. இன்னொருத்தர் மீன் குடல வெல்லத்துல ஊற வச்சு அந்தத் தண்ணி. ஒருத்தர் பௌர்ணமி அன்னிக்கு ஊத்துனாத்தான் ஏறும்னாரு. இது தப்பு, அது சரின்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல, ஏன்னா எல்லா அறிவும் சமம். நான் எல்லாத்தயும் கலர் கலர் ஒட்டுப் பேப்பர்ல எழுதி வாழ மரத்துலயே ஒட்டுனேன். செத்துக்கிட்டு இருந்த மரம் பர்த்டே பார்ட்டி மாதிரி ஆயிருச்சு.

பாகற்காய் செராஸ் அண்ணேகிட்ட வந்துச்சு. அவரு மட்டும் அத ரொம்ப நேரம் கையில வச்சு உருட்டிட்டே இருந்தாரு. ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. அப்புறம், "மண்ணுகிட்ட பேசுங்க அக்கா, அது சொல்லும்"னுட்டு பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டாரு. எல்லாரும் 'ஆஹா'ன்னு தலையாட்டுனாங்க. அக்கா மட்டும் ஆட்டல.

அப்புறம் தோப்பச் சுத்துனோம். அங்கிள் அக்காவோட பாராங்கு கத்திய வாங்கி ஒரு சீக்கு மரத்த வெட்டிப் பாத்தாரு. உள்ள பழுப்பு பழுப்பா வட்டம். எவ்ளோ அழகா இருக்குன்னு ஒரு ஆன்டி சொன்னாங்க. பாஸ் குனிஞ்சு க்ளோஸப் எடுத்தாரு, ரிப்போர்ட்டு அட்டைக்கு. ஒடனே எனக்கும் குடு, நானும் ஒண்ணு வெட்டிப் பாக்குறேன்னு அதே பாராங்கு கை மாறி, முன்வரிசை, ரெண்டாவது வரிசை, நல்லா இருந்த பின்வரிசை வரைக்கும் போயிட்டு வந்துச்சு. கத்துக்கிறோம் இல்ல?

கெளம்பும்போது அக்கா பண்ணுனதுதான் எங்க ஆளுங்களுக்கே உரிய கோளாறு. வீட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்ப முடியுமா? நல்லா இருக்கிற மாதிரித் தெரிஞ்ச கன்னாப் பாத்துப் பாத்துத் தோண்டி, வேர்மண்ணு உதிராம பிளாஸ்டிக் பையில சுத்தி, ஒவ்வொரு காருக்குப் பின்னாடியும் ஒவ்வொண்ணு. வேணாம் அக்காம்பாங்க, புடிங்கம்பாங்க, வேணாம்பாங்க, காரோட பின்கதவத் தொறந்து காட்டுவாங்க. என் காருலயும் ஒண்ணு வந்துச்சு. ஆபீசு மொட்ட மாடியில பாஸ் அத ஒரு பெரிய தொட்டியில நட்டு, தெனமும் காலையில அதுக்கு முன்னாடி உக்காந்து மூச்சுப் பயிற்சி பண்ணுனாரு.

அக்கா பாவம், சொன்னது எல்லாத்தயும் பண்ணுனாங்க. மஞ்சள், மோரு, மீன் குடல், ஒண்ணு விடல. தாமான் வீடுங்க முழுக்க நாத்தம், பக்கத்து வீட்டு சீன ஆன்டி மாஸ்க் போட்டுக்கிட்டு வந்து என்ன செத்துப்போச்சுன்னு கேட்டுட்டுப் போனாங்களாம். மஞ்சள் மூணாவது வரிசைக்குப் போச்சு. கடையில சாம்பார் எலக்கிழிசல் வழியா ஒரு கஸ்டமரோட மடியில எறங்கி, கடக்காரரு அக்காவக் கூப்புட்டு, பொங்கல் வரைக்கும் பாக்குறேன், அதுக்கப்புறம் வேற எடத்துல சொல்லிருவேன்னு நேராவே சொல்லிட்டாரு.

எனக்கு இதெல்லாம் அப்பத் தெரியாது. நான் ரிப்போர்ட்டு எழுதிட்டு இருந்தேன். நெட்வொர்க்குக்குக் காசு குடுக்கிறவங்க 'கத்துக்கிட்டது என்ன'ன்னு கேட்டிருந்தாங்க. சரி, ஒவ்வொரு வீடாப் போயி அக்கா குடுத்த கன்னு எப்டி இருக்குன்னு படம் எடுத்தா நல்ல கதையா இருக்கும்னு கெளம்புனேன்.

மொதல்ல சுபாங். குரூப்புல அங்கிள் போட்ட படத்துல வாழ ஜம்முன்னு நின்னுச்சு. நேருல போயிப் பாத்தா, மஞ்சளாகித் தொங்குன எலைய எல்லாம் மேல தூக்கி ரஃபியா கயித்தால கட்டி வச்சிருக்காரு. கை ஒடஞ்ச ஆளுக்கு மாவுக்கட்டுப் போட்ட மாதிரி. கயிறும் பச்சக் கலரு, படத்துல தெரியாது பாருங்க. அங்கிள், என்னா இதுன்னேன்.

"ஃபோட்டோவுக்கு லா, கேர்ள். என்னோடது மட்டும் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு வருத்தப்படும். ஆசையாக் குடுத்துச்சு."

என்னோடது மட்டும். இத நான் அப்புறம் போன ஒவ்வொரு வீட்டுலயும் கேட்டேன். சுங்கை வேயில ஒரு ஆன்டி செத்த வாழைக்குப் பதிலா பக்கத்து வீட்டு வாழயப் படம் புடிச்சுப் போட்டிருக்காங்க. ஒருத்தர் நெட்டுலேர்ந்தே எடுத்துட்டாரு, பின்னாடி மலை தெரியுது, அவரு இருக்கிறது ஷா ஆலம் அப்பார்ட்மென்ட்டு. ஒவ்வொருத்தரும் தன்னோடது மட்டும்தான் செத்துச்சுன்னு நெனச்சு வெக்கப்பட்டு, மறச்சு, அடுத்தவங்க பொய்ப் படத்துக்கு லைக்குப் போட்டு, ராத்திரி தூக்கம் வராமப் பெரண்டிருக்காங்க.

கடசியா செராஸ். டிரோன்ல பாத்த அமேசான்ல ஒரு பக்கம் நீலத் தார்ப்பாய் விரிச்சிருந்துச்சு. தூக்கிப் பாத்தா வாழ இருந்த எடம் மொத்தமா அழுகிக் கெடக்கு. அக்கா குடுத்தது ஒரே ஒரு கன்னுதான், இங்க ஒரு கூட்டமே செத்திருக்கு.

"இது அக்கா குடுத்த கன்னா அண்ணே?"

"அதுவும்தான்."

"அதுவும்னா?"

அண்ணே தார்ப்பாய இழுத்து மூடிட்டு படியில உக்காந்தாரு. கன்னு மாத்திக்கிற நாளுக்கு முன்னாடியே அவரோட தாய்மரம் இதே மாதிரி மஞ்சளாகி மடிஞ்சிருச்சாம். சுத்தி நின்ன கன்னெல்லாம் பச்சையா நல்லாத்தான் இருந்துச்சாம்.

"தாய் போயிரும்னு தெரிஞ்சுச்சு. பிள்ளைங்களாச்சும் நல்ல எடமாப் போயிப் பொழைக்கட்டும்னுதான் குடுத்தேன்."

அட்டையும் ரிப்பனும் கட்டி, தத்துக் குடுத்திருக்காரு. அது அக்கா தோப்புக்குப் போயி, அங்க இருந்து எங்க எல்லார் காருலயும் ஏறி, அதுல ஒண்ணு சுத்திக்கிட்டு இவரு வீட்டுக்கே திரும்பி வந்திருக்கு. பக்கத்துல இருந்து பக்கத்துக்கு, பாஸ் ஆசப்பட்ட மாதிரியே.

கிள்ளான்ல வட்டமா உக்காந்தப்பவாச்சும் சொல்லியிருக்கலாமேன்னேன். அண்ணே என்ன மொறைக்கல, கோவப்படல. "ஊரே பூ படம் போடுது. நான் மட்டும் பொணத்தப் போடவா?" அப்டின்னாரு. அந்தப் பூ படத்த எல்லாம் பின் பண்ணி மேல வச்சதே நான்தான்.

நேரா கிள்ளானுக்கு வண்டிய விட்டேன். அக்கா வாசல்ல உக்காந்து எலையத் தொடச்சிட்டு இருந்தாங்க. எல்லாத்தயும் சொன்னேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன். அவங்க எலையக் கீழ வச்சிட்டு, அப்ப பின்வரிசைக்கு வந்துருச்சா வரலயா, அது யாருக்குத் தெரியும்னு மட்டும் கேட்டாங்க. எங்க நெட்வொர்க்குல யாருக்கும் தெரியாது. ரூலாவது மண்ணாவதுன்னு வெவசாய ஆபீசுக்கு ஃபோன் போட்டேன். ரெண்டு நாளுல ஒரு மலாய்க்கார ஆபீசர் வந்தாரு. வர்ற வழியில மகன ஸ்கூல்ல எறக்கிட்டு வந்த அவசரம். கேட்டுக்கு வெளியவே நின்னு, சப்பாத்துக்கு மேல பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கிட்டு, பாராங்குக்கு பிளீச் ஊத்திக் கழுவிட்டுத்தான் உள்ளயே வந்தாரு. அதப் பாத்த ஒடனே எனக்கு அந்த ஞாயித்துக்கெழம வந்த மண்ணு ஒட்டுன பூட்ஸெல்லாம் ஞாபகம் வந்துச்சு.

வாடல் நோயின்னாரு. மண்ணுல இருக்கிற பூஞ்ச, வேரு வழியா ஏறும். மருந்து கெடையாது. கன்னு பாக்க நல்லா இருந்தாலும் உள்ள இருக்கும். சப்பாத்து மண்ணுல போகும், பாராங்குல போகும், வழிஞ்சு ஓடுற தண்ணியில போகும். முன்பாதியத் தோண்டி அழிக்கணும், அங்க ரொம்ப வருஷத்துக்கு வாழ வைக்கக்கூடாது. நடுவுல ஆழமா வாய்க்கா வெட்டி சுண்ணாம்பு போட்டு, அந்தப் பக்கத்து ஆளு இந்தப் பக்கம் காலு வைக்காம இருந்தா, பின்வரிசை பொழைக்கலாம், பொழைக்காமயும் போகலாம். அதுக்கப்புறம், அண்மையில வெளியாளுங்க யாராச்சும் உள்ள வந்தாங்களான்னு மலாய்ல கேட்டாரு.

அக்கா என்னப் பாத்தாங்க. நான் லோங்காங்கப் பாத்தேன்.

"ஒரு பஸ்ஸு கொள்ளுற அளவுக்கு வந்தாங்க சார்"னாங்க.

பாஸுக்குச் செம கோவம். நோயிக்கு இல்ல, ஆபீசரக் கூப்புட்டதுக்கு. வட்டத்துக்குள்ள அதிகாரத்தக் கொண்டு வந்துட்டேனாம், இவ்ளோ நாளு கட்டுன நம்பிக்கை போச்சாம். அத ஆறப்போட பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுல ஒரு வட்டம் கூப்புட்டாரு. எல்லாரும் வந்தாங்க. அக்கா எலை எறக்கிட்டு நேரா வந்தாங்க, சட்டையில வாழச்சாறு கற. மத்தவங்க எல்லாரும் எர்த் கலர்ல லினன்.

பாஸ் கண்ண மூடி ஆரம்பிக்கிறதுக்குள்ள, அக்கா எட்டி அவரு மடியில இருந்த பாகற்காய எடுத்துக்கிட்டாங்க.

"யாரு யாரு வீட்டுல வாழ செத்துச்சு? கையத் தூக்குங்க."

ஒருத்தரும் தூக்கல. அங்கிள் ஃபேனயே பாத்துக்கிட்டு இருந்தாரு. சுங்கை வே ஆன்டி பையில எதையோ தேடுனாங்க. கீழ பூக்கடையில ரேடியோ ஓடுறது தெளிவாக் கேட்டுச்சு. அக்கா பாகற்காய எறக்கல, உக்காரல, அப்டியே நின்னாங்க.

செராஸ் அண்ணே கையத் தூக்குனாரு. மொதல்ல தோளு ஒயரம், அப்புறம் முழுசா. "என்னோடதுதான் மொதல்ல செத்துச்சு. மாத்திக்கிற நாளுக்கு முன்னாடியே"ன்னாரு.

அங்கிள் அவரத் திரும்பிப் பாத்தாரு. ஃபேன விட்டாரு. கையத் தூக்குனாரு. அப்புறம் சுங்கை வே ஆன்டி, மலைப் படம் போட்ட ஷா ஆலம்காரரு, ஒண்ணு ஒண்ணா ஒரு காடு மாதிரி கை எந்திரிச்சுச்சு. கடசிக் கை பாஸோடது, மொட்ட மாடித் தொட்டி.

அப்புறம் பாக்கணுமே. பாகற்காய யாரும் சீண்டல. எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க. எப்ப மஞ்சளாச்சு, எந்தப் பக்கம், செத்த எடத்துலயே நீ திரும்ப நட்டியா, ஐயோ நானும் லா, உரத்தண்ணி ஊத்துனது சீக்கிரமாச் செத்துச்சா லேட்டாச் செத்துச்சா. நீ ஒரு பொய்யன்னு அங்கிள் அண்ணேவத் திட்டுறாரு, கயிறு கட்டுன நீங்க பேசாதீங்கன்னு ஆன்டி அங்கிளத் திட்டுறாங்க, ஆன்டியோட பக்கத்து வீட்டு வாழ வெவகாரம் வெளிய வந்து அவங்களும் மாட்டுனாங்க. திட்டிக்கிட்டே ஒருத்தருக்கொருத்தரு செத்த மரத்துப் படத்தக் காட்டுறாங்க. எல்லார் ஃபோன்லயும் இருந்திருக்கு, யாரும் அழிக்கல. நான் அந்த வேலையில சேந்ததுல இருந்து உருப்படியா எதயாச்சும் கத்துக்கிட்டாங்கன்னா, அன்னிக்கு அந்தச் சண்டையிலதான்.

பாஸுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "பாத்தீங்களா, நெட்வொர்க் வேல செய்யிது"ன்னாரு.

"அது வேல செஞ்சதுதானே தம்பி எனக்கு வந்த கேடு"ன்னாங்க அக்கா.

அங்கிளுக்கு ஒடனே வீரம் வந்துருச்சு. இந்த ஞாயிறு எல்லாரும் கிள்ளான்ல கோத்தோங் ரோயோங், ஒண்ணாச் சேந்து வேல செய்வோம், நம்ம கெடுத்தத நம்மளே தோண்டுவோம்னு எந்திரிச்சு நின்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. அக்கா ரெண்டு கையயும் கூப்பிக் கும்புட்டாங்க.

"உங்க யாரு காலும் என் தோப்புல படக்கூடாது. வராம இருங்க, அது போதும்."

அண்ணே மட்டும் வெறுங்காலோட வந்தா பரவாயில்லையான்னு கேட்டாரு. அக்கா அதுக்கும் ஒத்துக்கல. சுண்ணாம்பு மூட்ட வாங்கி கேட்டுக்கு வெளிய வச்சிட்டுப் போ, உள்ள எட்டிக்கூடப் பாக்காதன்னாங்க. மறுநாளு காலையில அக்கா எந்திரிச்சுப் பாத்தப்ப கேட்டு வாசல்ல சொவரு மாதிரி சுண்ணாம்பு மூட்ட அடுக்கி இருந்துச்சாம், ஆளக் காணோமாம்.

அக்கா வீட்டுக்காரரு லோரிக்கு லீவு போட்டு வந்தாரு. ரெண்டு பேரும் மம்பட்டியப் போட்டு முன்பாதிய மொத்தமாத் தோண்டி எடுத்து, எரிச்சு, நடுவுல வாய்க்கா வெட்டுனாங்க. அந்த மண்ணுல இப்ப மரவள்ளி போட்டிருக்காங்க. நான் ரிப்போர்ட்ட முடிச்சுக் குடுத்துட்டு வேலைய விட்டேன். அட்டையில அந்தப் பழுப்பு வட்டம்தான், 'இணைப்பின் வேர்கள்'னு தலைப்பு. காசு குடுத்தவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சுன்னு கேள்வி.

பொங்கலுக்கு அப்புறம் கடக்காரரு அக்காவ மொத்தமா நிறுத்தல. பின்வரிசை எவ்ளோ குடுக்குதோ அவ்ளோ கொண்டு வா, மீதிய நான் பாத்துக்கிறேன்னுட்டாரு. இப்ப அந்தக் கடையில மத்தியானத்துக்கு அக்கா எலை பாதி, காப்பார்ல வேற ஒருத்தர் தோப்புல இருந்து வர்ற எலை பாதி.